முட்டைக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்

முட்டைக் கறை பட்ட துணியை வெந்நீரில் போடக் கூடாது. நிறையப் பேர் செய்கிற தப்பு அது. சூடு பட்டதும் முட்டை நூலுக்குள்ளேயே வெந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் போகாது. பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கையால் அலசி, அதற்குப் பிறகுதான் சோப்பு. பாலுக்கும் அப்படித்தான், இரத்தத்துக்கும் அப்படித்தான். என்ன தொழில் என்று கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். வெளுக்கிற தொழில். மருத்துவமனை விரிப்புகள், விடுதி விரிப்புகள், தலையணை உறைகள். உங்கள் காக்கிச் சட்டைக் காலரைக்கூட நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்திருக்கிறார்கள் மேடம், அதனால்தான் நுனியில் சுருங்கியிருக்கிறது. ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். தப்பாக நினைக்காதீர்கள், கண் பழகிவிட்டது.

யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன். என் நாய்கள் இரண்டும் கூண்டில் சாப்பிடாமல் கிடக்கின்றன என்று காலையில் நீங்கள் சொன்னீர்கள். தட்டை வைத்தால் அதற்கு முன்னால் உட்கார்ந்து எச்சில் ஒழுகப் பார்த்துக்கொண்டே இருக்கின்றனவாம், வாய் மட்டும் வைப்பதில்லையாம். கால்நடை மருத்துவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நோய் இல்ல, யாரோ பழக்கியிருக்காங்க" என்றாராம். அந்த மருத்துவர் கெட்டிக்காரர். அவர் அப்படிச் சொல்லாவிட்டால் நீங்கள் மறுபடியும் என் வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டீர்கள். முதல் நாள் நீங்களே எனக்குத் தண்ணீர் கொடுத்துத் தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இது நாய் கடித்த விபத்து என்றே முடிந்திருக்கும்.

ஆனால் சாயங்காலம் இரண்டையும் கொல்ல ஊசி போடப் போகிறார்கள் என்கிறீர்கள். அது நியாயம் இல்லை. வாயில்லா ஜீவன்கள், அவற்றுக்காக யாராவது பேச வேண்டும் அல்லவா? அவற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நீங்கள் எழுதிக்கொள்வதற்காகத்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஒரே வீடு. என் மாமனார் கட்டியது. அவர் போன பிறகு அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் பாதியில் நான், தம்பி பாதியில் என் ஓரகத்தி. சின்னவள் என்றுதான் எல்லாரும் அவளைக் கூப்பிடுவோம். என் கணவர் இறந்துவிட்டார். அவள் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார், எப்போதாவது வருவார். வீட்டுக்குள் இருக்கும் சுவர் உத்தரம் வரை உயரம். பின்கட்டுச் சுவர் இடுப்பு வரைதான். பேசிக்கொள்ளவும் சாமான் கைமாற்றிக்கொள்ளவும் வசதியாக இருக்கட்டும் என்று அப்படி விட்டார்கள். எல்லா வினையும் அந்தக் குட்டைச் சுவரால் வந்ததுதான்.

சின்னவள் கோழி வளர்த்தாள். கூண்டு என்று ஒன்று இருந்தது, அதில் விறகு அடுக்கியிருந்தாள். கோழிகள் இஷ்டத்துக்குத் திரியும். என் பக்கம்தான் வெயில் நன்றாக விழும், அதனால் என் பக்கம்தான் அவற்றுக்குப் பிடித்தது. கொடியில் தொங்கும் வெள்ளை விரிப்புகளுக்குக் கீழே கிளறும். கூடையில் மடித்து வைத்ததன் மேல் ஏறி நிற்கும். கோழிக்கால் மண் வெள்ளைத் துணியில் எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியாது. சின்னச் சின்ன முள்கரண்டியாக, வரிசையாக விழும்.

நான் சண்டை போடவில்லை. நான் சண்டை போடுகிற ஆள் இல்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"கோழி மிதிச்சுக் குஞ்சே சாகாதாம் அக்கா, உங்க துணியா செத்துடப் போகுது?"

சொல்லிவிட்டு இரண்டு முட்டையை என் கையில் வைத்தாள். அவளுடைய வழி அது. எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு, இரண்டு முட்டை. தபால்காரருக்கும் முட்டை, பக்கத்துவீட்டுத் தையல்காரருக்கும் முட்டை. தெருவே அவளுக்கு ஆமாம் போட்டது. கோபித்துக்கொண்டால் நான்தான் பொல்லாதவள் என்று ஆகும். முட்டையை வாங்கிக்கொண்டேன்.

பிறகு அந்த மருத்துவமனை விஷயம் நடந்தது. மடித்து அடுக்கிய விரிப்புகளுக்கு நடுவே ஒரு கோழி புகுந்து முட்டையிட்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை. அடுக்கை அப்படியே துணியில் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அங்கே அறுவை முடிந்து வந்த ஒரு பெண்ணுக்கு விரிப்பை விரிக்கும்போது உடைந்த முட்டையும் ஓடும் இறகுமாக வந்திருக்கிறது. தலைமை நர்ஸ் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். என்னைத் திட்டவில்லை. "நீங்களா இப்படி?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வேலை.

சின்னவளிடம் சொன்னேன். அவளுக்கு நிஜமாகவே வருத்தம்தான், அதை மறைக்க மாட்டேன். கண் கலங்கினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, பொங்கி வந்த சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அந்த நர்ஸ் முகத்தை மட்டும் பாத்திருக்கணும் அக்கா" என்றாள். அடுத்த நாளும் கோழிகள் வந்தன.

அப்போதுதான் நாய் வளர்க்கலாம் என்று தோன்றியது. இதில் என்ன தவறு இருக்கிறது? கோழியை விரட்ட நாய் வளர்க்காதவர் யார்? இரண்டு குட்டிகள் கொண்டுவந்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று செம்பழுப்பு. கரி, துரு என்று பெயர் வைத்தேன். இரண்டுமே துணியில் பட்டால் போகாதவை. எனக்குத் தெரிந்த வேடிக்கை அவ்வளவுதான். பால் ஊற்றி, உண்ணி எடுத்து, இஸ்திரி மேசைக்கு அடியில் பழைய போர்வையில் படுக்கவைத்து வளர்த்தேன். என் கணவர் போன பிறகு வீட்டுக்குள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது அப்போதுதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வளர்ந்ததும் ஒரு காலையில் பின்கட்டில் அவிழ்த்துவிட்டேன். கோழிகள் எல்லாம் கொடிக்குக் கீழே இருந்தன. துரு மோப்பம் பிடித்துக்கொண்டே போயிற்று. சேவல் நிமிர்ந்து பார்த்தது, ஒரு அடி முன்னால் வைத்தது, மூக்கிலேயே ஒரு கொத்து. துரு கத்திக்கொண்டு ஓடிவந்து இஸ்திரி மேசைக்கு அடியில் நுழைந்துகொண்டது. கரி ஓடவில்லை, நின்ற இடத்திலேயே மல்லாந்து வயிற்றைக் காட்டிவிட்டது. சின்னவள் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் சுவர் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, உங்க புலிங்களக் கட்டிப் போடுங்க, என் கோழிங்க பயப்படுது" என்றாள். தையல்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் தெருவில் சுற்றியது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நாயும் கோழியும் சிநேகமாகிவிட்டன. கரி வெயிலில் படுத்தால் அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெட்டைக்கோழி படுக்கும். துருவின் முதுகில் குஞ்சுகள் ஏறி இறங்கும், அது அசையாமல் கிடக்கும். தெருவில் இருக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

சின்னவளிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு, தகர டப்பா. அதில் தானியம் போட்டுக் கலகலவென்று ஆட்டுவாள். எங்கே இருந்தாலும் கோழிகள் பறந்து வரும். கொஞ்ச நாளில் என் நாய்களும் ஓட ஆரம்பித்தன. அவற்றுக்கும் காய்ந்த ரொட்டி வைத்திருப்பாள். நான் தட்டில் இறைச்சி போட்டிருப்பேன், பாதி தின்றுகொண்டிருக்கும், அங்கே டப்பா சத்தம் கேட்கும். தட்டை விட்டுவிட்டு ஒரே தாவலில் சுவரைத் தாண்டிப் போய்விடும். கறியை விட்டுவிட்டுக் காய்ந்த ரொட்டிக்கு ஓடுகிற நாயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சாயங்காலம் திரும்பி வரும்போது அவற்றின் தலையில் அவளுடைய எண்ணெய் வாசம் அடிக்கும். மடியில் போட்டுத் தடவியிருப்பாள்.

ஒருநாள் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "கரிய எனக்குக் குடுத்துடுங்களேன் அக்கா. எப்பவும் எங்கிட்டதான கெடக்குது. எனக்கும் தனியாத்தான இருக்கு."

விளையாட்டாகத்தான் கேட்டாள், பாதி விளையாட்டு. நான் அப்போது ஒரு விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தேன். பார்க்கலாம் என்றேன். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பித்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

நாய்களைச் சங்கிலியில் போட்டேன். அவை என்னுடைய நாய்கள். என்னுடைய நாய்களுக்கு நான் ஒழுக்கம் கற்றுக்கொடுப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. கடையில் அதே மாதிரி ஒரு பிஸ்கட் டப்பா வாங்கி உள்ளே பொடிக்கல் போட்டேன். இஸ்திரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழக்கினேன். முதலில் பொறுமை. எதிரில் என்ன இருந்தாலும் நான் ஈரத் துணியை எடுத்துப் படார் என்று ஒரு உதறு உதறும் வரை தொடக் கூடாது. உதறினால் தொடலாம். போதும் என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் அடிக்கவே இல்லை. பசியும் பொறுமையும் போதும்.

அதற்குப் பிறகு ஒரு துணிப் பொட்டலம் கட்டினேன். உள்ளே இறைச்சி, அதனோடு டப்பா. ஆணியில் மாட்டி ஆட்டுவேன். அவை உட்கார்ந்து காத்திருக்கும், உடம்பெல்லாம் நடுங்கும். துணியை உதறுவேன். பாய்ந்து கிழித்து எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். கோழிகளைக் கொஞ்சம் பயமுறுத்த வேண்டும், டப்பா சத்தம் கேட்டால் கோழிகள் ஓடி ஒளிய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

என்ன துணி என்று கேட்கிறீர்கள். கையில் கிடைத்தது. சின்னவளின் துணிகளையும் நான்தான் வெளுத்துக் கொடுப்பேன், ஓரகத்திதானே. அவளுடைய பழைய நைட்டி ஒன்று, பூப்போட்டது. துவைக்காததாகப் பார்த்து எடுத்தேன். துவைத்துத் தேய்த்ததைக் கிழிக்கக் கொடுக்க எனக்கு மனசு வராது. இதில் வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை.

ஆணி எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்த்தீர்களாம். கோழிக்கு என்றால் தரையோடு தரையாக அல்லவா கட்டியிருக்க வேண்டும், இது உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் கழுத்து உயரம் என்கிறீர்கள். அந்த ஆணி என் மாமனார் காலத்தில் அடித்தது. இருக்கிற ஆணியில்தானே மாட்ட முடியும்? சுவரில் புது ஆணி அடித்தால் காரை பெயரும்.

சின்னவள் அடிக்கடி சுவருக்கு மேல் எட்டிப் பார்ப்பாள். "என்னக்கா, ரெண்டு பேரும் கண்ணுலயே படல? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்பாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, உள்ளே கட்டியிருக்கிறேன் என்பேன். ரொட்டியைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போவாள். அதைக் கோழிகள் தின்றுவிடும்.

பிறகு அவளே மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை விளையாட்டு இல்லை. அவள் கணவர் இந்த வருஷமும் வரப்போவதில்லை என்று தகவல் வந்திருந்தது. முகம் வாடியிருந்தது. "கரிய மட்டும் குடுங்க அக்கா. சுவருக்கு இந்தப் பக்கந்தான இருக்கப் போகுது, எங்க போயிடப் போகுது" என்றாள். அவள் அப்படிச் சிரிக்காமல் பேசி நான் பார்த்ததில்லை. எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது.

நாளைக் காலையில் எடுத்துக்கொள் என்றேன். "அவுத்து விடறேன், நீ எப்பவும் போல டப்பாவ ஆட்டு, தானா வந்துடும்" என்றேன்.

அவள் சுவருக்கு மேலாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். அவள் கையில் தவிடு ஒட்டியிருந்தது.

காலையில் விடுதி விரிப்புகளைப் பிழிந்து எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தேன். நாய்களை அவிழ்த்துவிட்டேன். அதற்கு முந்தின நாள் அவற்றுக்குச் சாப்பாடு போடவில்லை, வயிறு காலியாக இருந்தால் புது வீட்டில் நன்றாகச் சாப்பிடும் என்று. அவள் தன் பக்கத்தில் தாழ்வான முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை சீவியிருந்தாள். டப்பாவை ஆட்டினாள். கோழிகள் ஓடின. நாய்களும் சுவரைத் தாண்டின.

பாயவில்லை மேடம். நீங்கள் எழுதியிருப்பது தவறு. அவள் எதிரில் போய் இரண்டும் உட்கார்ந்துகொண்டன. நான் கற்றுக்கொடுத்தபடி உட்கார்ந்து, நடுங்கிக்கொண்டு காத்திருந்தன. "அடடா, என்ன மரியாதை, என்ன மரியாதை" என்று அவள் சிரித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஸ்கூலுக்கு அனுப்பினீங்களா அக்கா?" என்று கேட்டாள். டப்பாவை இன்னொரு தடவை ஆட்டினாள். கரி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது.

என் கையில் ஈர விரிப்பு இருந்தது. கொடியில் போடுவதற்கு முன்னால் விரிப்பை உதறத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கம் சுருக்கமாகக் காயும். நான் தினமும் செய்கிற வேலை.

உதறினேன்.

தையல்காரர் சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். நான் கல்லாய்ச் சமைந்து நின்றேன் என்று உங்களிடம் சொன்னாராம். நல்ல மனிதர், தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் புத்தி போகாது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனிதரைக் கடித்துவிட்டது என்கிறார்களாம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் நாய்கள் ஆட்டையும் கடிக்கவில்லை, மாட்டையும் கடிக்கவில்லை. ஒரு கோழியைக்கூடத் தொடவில்லை. கோழிகள் அன்று மத்தியானமே என் பக்கம் வந்து கொடிக்குக் கீழே கிளறிக்கொண்டிருந்தன. தீனி போட ஆள் இல்லை அல்லவா, நான்தான் போடுகிறேன். அவற்றின் மேல் எனக்கு என்ன கோபம்?

நீங்கள் ரொம்ப நேரமாக ஒன்றைக் கேட்காமல் இருக்கிறீர்கள். தொடங்க ஒரு உதறல் என்றால் நிறுத்த ஒரு வார்த்தை உண்டே, அதைச் சொன்னாயா என்றுதானே?

சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். விரிப்பு நீளமானது, ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஓரத்தையும் சமமாக இழுத்துவிட்டு, கிளிப் போட்டு, தலையணை உறைகளையும் காயப்போட்டு முடித்த பிறகு, போதும் என்று சொன்னேன். உரக்கக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கணமே விட்டுவிட்டன. சுவரைத் தாண்டி வந்து என் காலடியில் இரண்டும் உட்கார்ந்தன. வாயைப் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டேன். அதற்கப்புறம்தான் தையல்காரர் கதவைத் தட்டினார்.

கூண்டுக்கு என்னைக் கூட்டிப்போக முடியாது என்றால் நீங்களாவது ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, தட்டை வைத்ததும் அவற்றின் எதிரில் ஓங்கி ஒரு தடவை உதறுங்கள். சாப்பிட்டுவிடும். சாப்பிடும்போது கரியின் தலையைத் தடவக் கூடாது, அதற்குப் பிடிக்காது. அவள்தான் தெரியாமல் தடவிக்கொண்டே இருப்பாள்.

எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், நீங்களே சொல்லுங்கள். சொன்ன பேச்சைத் தட்டாமல், பசியிலும் எச்சில் ஒழுகக் காத்துக்கொண்டிருக்கிற இரண்டு ஜீவன்களைக் கொல்ல ஒருவருக்கு எப்படி மனசு வரும்?